தனியா போனா நஷ்டம், நாலு பேரா போனா விருந்து

வாலாஜாபாத்ல பஸ் ஏறி ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனா, அங்கங்க கொரிய எழுத்துல போர்டு தெரியும். 1998-ல ஹூண்டாயோட சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டை ஆலையில இருந்து வெளிய வந்தது. அங்க வேலைக்கு வந்த கொரியர்களை நம்பி வளர்ந்த உணவகங்கள்ல இப்போ நாமளும் போய் உட்கார்றோம்.

ஆனா ஒரே கடையை ஒருத்தர் "செம"ங்கிறார், இன்னொருத்தர் "காசு வேஸ்ட்"ங்கிறார். ஏன்?

கொரியச் சாப்பாடு தட்டுக் கணக்கு இல்லை, மேசைக் கணக்கு. நடுவுல ஒரு பெரிய பாத்திரத்துல குழம்பு, மேசையிலேயே சுடுற இறைச்சி, சுத்தி சின்னச் சின்னக் கிண்ணங்கள்ல 'பான்சான்' என்கிற தொடுகறிகள். பான்சானுக்கு வழக்கமா தனி பில் கிடையாது. தீர்ந்தா மறுபடி கேட்கலாம், நம்ம மெஸ்ல பொரியல் கேட்கிற மாதிரி. சுடுற இறைச்சியைப் பல கடைகள்ல ரெண்டு பேர் அளவுக்குக் குறைஞ்சு தர மாட்டாங்க. தனியா போனா பில் எகிறும், சாப்பாடு மிஞ்சும். நாலு பேர் பகிர்ந்தா அதே பில் கட்டுப்படி ஆகும்.

சைவம்னா இன்னும் கவனம். கிம்சி பார்க்க முட்டைகோஸ் ஊறுகாய் மாதிரிதான் இருக்கும்; ஆனா பாரம்பரிய முறையில மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பாங்க. எங்க சைவ நண்பன் ரெண்டு கிண்ணம் காலி பண்ணின பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சது. திரும்பி வர்ற வழியெல்லாம் அவன் பேசவே இல்லை. கடைக்காரர் மறைக்கல, நாங்கதான் கேட்கல.

நீங்க போனா, முதல்ல கேளுங்க. அப்புறம் ஆர்டர் பண்ணுங்க.