கால்பந்துக்காரருக்கு மாற்றல்

எங்கள் கல்வி இலாகாவில் ‘மாற்றல்’ என்ற சொல்லைக் கேட்டாலே உபாத்தியாயர்களின் முகம் வாடிவிடும். வைகாசி பிறந்ததும் எவருக்கு எந்த ஊரோ என்ற கவலையும் பிறந்துவிடும். வீட்டில் அம்மாள் பாத்திரங்களை எண்ணிப் பார்க்க ஆரம்பித்து விடுவாள். அதே கோடைகாலத்தில் அதே சொல்லை மகா உற்சாகத்தோடு உச்சரிக்கும் ஒரு கூட்டம் நம் நகரில் உண்டு என்பது எனக்குச் சில வருஷங்களுக்கு முன்புதான் தெரிய வந்தது. அவர்கள் கால்பந்து ரஸிகர்கள்.

நான் குடியிருப்பது நந்தனத்தில். 1920-ல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி இன்று மரங்கள் சூழ எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. பக் துரை சாமான்யரல்லர். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியுடன் போய் வந்தவர். அந்த மைதானத்தில் மாலையில் பையன்கள் பந்தை உதைப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருத் தேநீர்க் கடைப் பெஞ்சியில் சிலர் கூடுவார்கள். அந்தச் சபைக்கு அக்கிராசனர் எழுபத்தெட்டு வயதான ஒரு பெரியவர். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் அலுவலகக் கோஷ்டிக்காகச் சென்னை லீக் பந்தயங்களில் ஆடியவர். அவருடைய பேரன் என் மாணவன். பதினேழு வயது, இடது ஓரத்தில் ஆடுவான். அவன் காலில் பந்து இருக்கும்போது கணக்குப் பாடத்தில் இல்லாத சுறுசுறுப்பெல்லாம் வந்துவிடும்.

2023-ம் வருஷம் கோடையில் ஒரு நாள் அந்தப் பெஞ்சி பற்றி எரிந்தது. சென்னையின் எஃப்.சி. கழகத்தின் தலைவராக இருந்த அனிருத் தாப்பா, கல்கத்தா மோகன் பகானுக்குப் போய்விட்டார் என்பது சங்கதி. டேராடூன் பையன்; 2016-ல் இங்கே வந்து, இங்கேயே பெயர் எடுத்தவர்.

“நாம் சோறு போட்டு வளர்த்தோம்; இன்னொருத்தன் வந்து இலையைத் தூக்கிக்கொண்டு போகிறான்! வாத்தியாரே, எங்கள் காலத்தில் இது உண்டா?” என்றார் பெரியவர்.

“உண்டு தாத்தா. உங்கள் காலத்தில் சம்பளத்துக்குப் பதில் உத்தியோகம் கொடுத்தார்கள். அவ்வளவுதான்” என்றான் பேரன்.

பையன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்நாளில் சென்னைக் கால்பந்து என்பது பெரும்பாலும் ஆபீஸ்களின் கால்பந்து. ரயில்வே, ரயில் பெட்டித் தொழிற்சாலை, பாங்குகள் ஆகியவையே கோஷ்டி வைத்திருந்தன. நன்றாக ஆடும் வாலிபனுக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மாதச் சம்பளம், கடைசியில் பென்ஷன். அதற்குப் பிறகு அவன் ஏன் வேறிடம் போகப் போகிறான்? விசுவாசம் என்று பெரியவர் சொல்வதில் பாதி, பிராவிடெண்டு பண்டு.

கல்கத்தாவின் கதையே வேறு. அங்கே கட்சி மாறுவது ஒரு பழைய கலை. ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்ததே ஒரு மனஸ்தாபத்தில்தான். 1920-ல் மோகன் பகானுக்கு எதிரான பந்தயத்தில் ஜோராபகான் கழகம் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஒதுக்கி வைத்தது. அதைப் பொறாத சுரேஷ் சந்திர சௌதுரி அந்தக் கழகத்தை விட்டு வெளியேறி, சிநேகிதர்களுடன் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். ஆட்டக்காரர் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் மாற்றல் செல்லும் என்ற விதி அங்கே வெகுகாலம் இருந்தது. ஆகையால் கையெழுத்து நாள் வரையில் ஆட்டக்காரரை ஒளித்து வைப்பதும், எதிர்க்கட்சியார் தேடிக் கண்டுபிடித்துத் தூக்கிச் செல்வதும் நாடகத்தைப்போல் நடக்குமாம். நம் நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பை வாங்கித் தந்தவர்களில் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் ஒருவர். பிற்பாடு அவர் கல்கத்தா சென்று, முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்குமே ஆடினார். மூன்று ஜன்ம விரோதிகளுக்கும் ஒரே மனிதர் வாசல் காத்தார்! இதை நான் எடுத்துச் சொன்னபோது பெரியவர், “தங்கராஜ் விஷயம் வேறு” என்று மட்டும் சொல்லி, டீயை உறிஞ்சினார்.

இக்கால மாற்றல் முறையை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஆட்டக்காரர் கழகத்தோடு இத்தனை வருஷம் என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறார். அது முடிந்துவிட்டால் கைவீசிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். முடியாமலிருந்தால், அவரை விரும்பும் கழகம் பழைய கழகத்துக்கு விலை கொடுக்க வேண்டும். வருஷத்தில் இரண்டு தடவைதான் இதற்கு வாசல் திறக்கும். திறந்திருக்கும் அந்தச் சில வாரங்களில் ரஸிகர்கள் உறங்குவதில்லை.

ஆட்டக்காரர்களின் மாற்றலைக் காட்டிலும் கழகங்களின் தலைவிதி மாறுவதுதான் எனக்கு ஆச்சரியம். 2014-ல் தோன்றிய சென்னையின் கழகம், மறு வருஷமே டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதிப் பந்தயத்தில் தொண்ணூறாவது நிமிஷம் வரையில் தோற்றுக்கொண்டிருந்து, 3–2 என்று ஜயித்தது. 2018 மார்ச்சு 17-ல் பெங்களூர் மைதானத்திலேயே பெங்களூர்க் கழகத்தை அதே 3–2 கணக்கில் வென்று இரண்டாம் தடவை கோப்பையைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டவர் நம் வியாசர்பாடிப் பிள்ளை தன்பால் கணேஷ். அன்றைய ஆரவாரம் நேரு ஸ்டேடியத்துக்கு வெளியே பெரியமேடு வரை கேட்டிருக்கும்.

அடுத்த பருவத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? பதினெட்டுப் பந்தயங்களில் ஒன்பதே புள்ளிகள். பத்துக் கழகங்களில் பத்தாவது இடம்! மகுடாதிபதி ஒரே வருஷத்தில் மண்ணைக் கவ்வினார்.

அதே 2018–19 பருவத்தில், ஐ-லீக் என்ற மற்றொரு தேசியப் போட்டியில், சென்னை சிட்டி எஃப்.சி. என்னும் கழகம் நாற்பத்து மூன்று புள்ளிகள் எடுத்து, நாற்பத்திரண்டு எடுத்த ஈஸ்ட் பெங்காலைப் பின்தள்ளிச் சாம்பியன் ஆயிற்று. பெயர் சென்னை, ஆடியது கோயமுத்தூரில். நம்மில் பலருக்கு அப்படியொரு கழகம் இருப்பதே தெரியாது. 2019 மார்ச்சு 9 அன்று, கடைசிப் பந்தயத்தில், முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டுப் பிறகு மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்றார்கள். பெட்ரோ மான்சி என்ற முன்னணி ஆட்டக்காரர் அந்தப் பருவத்தில் இருபத்தொரு கோல்கள் போட்டார்.

பிறகு வாசல் திறந்தது. நடுக்கள ஆட்டக்காரர் எட்வின் சிட்னி வன்ஸ்பால் சென்னையின் கழகத்துக்கு வந்தார். மான்சி ஜப்பானியக் கழகம் ஒன்றுக்குப் போனார். 2020–21 பருவத்துக்கு அப்பால் ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. ஓர் ஆட்டக்காரர் போனால் பெஞ்சியில் மூன்று நாள் சண்டை நடக்கிறது. ஒரு சாம்பியன் கழகம் மறைந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் மனத்தில் உறுத்துவது அதுதான்.

சென்னையின் கழகத்தார் எழுந்ததும் விழுந்ததும் இன்னும் வேடிக்கை. 2019 டிசம்பரில் ஓவன் காயில் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பயிற்சியாளராக வந்தபோது கோஷ்டி அடிமட்டத்தில் கிடந்தது. அவர் அதைத் தூக்கி நிறுத்தி இறுதிப் பந்தயம் வரை அழைத்துச் சென்றார். 2020 மார்ச்சு 14-ல், கொள்ளை நோய்ப் பயத்தால் ஒரு ரஸிகர்கூட இல்லாத கோவா மைதானத்தில், கல்கத்தா ஏ.டி.கே.யிடம் 1–3 என்று தோற்றார்கள். வென்ற ஏ.டி.கே. கழகத்தில் யார் இருந்தார்? நம் கன்னியாகுமரிக் கடற்கரைப் பிள்ளை மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், அங்கிருந்து கல்கத்தா போனவர்! தோல்வியின் துக்கம் ஆறுவதற்குள் காயிலும், பதினைந்து கோல் போட்ட லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் பெட்டி கட்டினார்கள். 2021–22-ல் காயிலின் ஜாம்ஷெட்பூர் லீக் கேடயத்தை வென்றது. 2023-ல் அதே காயில் சென்னைக்கே திரும்பி வந்தார். முன்பு அவரைத் துரோகி என்ற அதே வாயால் பெரியவர், “மனுஷன் நல்லவன், புத்தி வந்துவிட்டது” என்றார்.

அந்த வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி. டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. நாலரை வருஷமாக ஈஸ்ட் பெங்கால் தன் பங்காளியை ஜயித்ததில்லை. பேரனின் கைத்தொலைபேசியைச் சூழ்ந்துகொண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். அறுபதாவது நிமிஷத்தில், புதிதாக ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிருந்த சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் உதைத்தார். கோல்! அந்த ஒரு கோலில் பந்தயம் முடிந்தது. பெரியவர் பெஞ்சியை விட்டுத் துள்ளி எழுந்தார். “நம்ம பிள்ளை!” என்று கூவினார்.

“நம் ஊரை விட்டுப் போனவர்தானே, தாத்தா?” என்றான் பேரன், பந்தையே பார்த்துக்கொண்டு.

அவன் அப்படிக் கேட்டதன் காரணம் எனக்கு ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. வெளி மாநிலக் கழகம் ஒன்று தன் இளைஞர் கோஷ்டிக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வயது பதினெட்டு ஆகாததால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவன் தகப்பனார் இல்லை. தாயார் என் வீட்டுக்கு வந்து, “மாமனார் சரி என்றால்தான் நான் கையெழுத்துப் போடுவேன், ஸார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். பரீட்சை இருக்கிறதே என்று நான் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பையனின் முகத்தைப் பார்த்த பிறகு, அந்த வாதத்தை எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெரியவரிடம் போனேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. “இங்கேயே ஒரு இடம் கிடைக்காதா?” என்று கேட்டார். இந்த வருஷம் அழைப்பு வரவில்லையே என்றேன். “அந்தக் காலமாக இருந்தால் ரயில்வேயில் நானே சேர்த்துவிட்டிருப்பேன்” என்றார். பிறகு, “அங்கே சட்டை என்ன நிறம்?” என்று கேட்டார். நான் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும், “காகிதத்தைக் கொண்டு வரச் சொல்லுங்கள்” என்றார்.

2025 ஆகஸ்டில், சம்மேளனத்துக்கும் ஐ.எஸ்.எல். நடத்துகிறவர்களுக்கும் இருந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் பருவம் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் போயிற்று. சென்னையின் கழகம் தன் முதல் கோஷ்டியின் வேலைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அன்று மாலை பெஞ்சியில் சண்டை இல்லை. “ஆள் போனால் திட்டலாம், வாத்தியாரே. ஆட்டமே நின்றால் யாரைத் திட்டுவது?” என்றார் பெரியவர்.

அந்தத் தீபாவளிக்குப் பையன் விடுமுறையில் வந்திருந்தான். கொஞ்சம் உயரமாகி, கொஞ்சம் கறுத்திருந்தான். வந்த மறுநாளே மைதானத்தில் சின்னப் பையன்களோடு வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தான். பெஞ்சியில் விவாதம் பலமாக நடந்தது. சென்னையின் கழகம் மீண்டும் ஆடத் தொடங்கினால் இவனைத் திரும்ப வாங்க என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒருவர் கணக்குப் போட்டார். பெரியவர் அந்தத் தொகையை ஒப்பவில்லை. அதைப்போல் இரண்டு மடங்கு கேட்டால்தான் விடவேண்டும் என்றார்.