நெல் யாருடையது?

நான் ஆசிரியனாய் இருந்தபோது, பழைய பர்மாவைப் பற்றி ஒரே வரியில் பாடம் சொல்லி முடித்துவிடுவேன்: "நெல் ஏற்றுமதி மிகுந்த நாடு, ஆகவே செழித்த நாடு." ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த நெல் யாருடையது?" என்று வினவினான். விடை தெரியாமையால், "உட்கார்" என்றேன். விடையைப் பின்னர் ஓர் அறிஞரின் நூல்களிற் கண்டேன்.

ஜே. எஸ். பர்னிவால் 1878-இல் இங்கிலாந்தில் பிறந்தவர்; 1902-இல் ஆட்சிப் பணியாளராகப் பர்மா சென்றார். நிலவரி வகுக்கும் பணியில், உழவரின் விளைச்சலையும் கடனையும் நேரிற் கண்டார். அந்நாட்டு மொழியையும் கற்றார். பதவியைத் துறந்தபின் 1931-இல் பர்மாவின் அரசியற் பொருளாதாரம் பற்றி நூல் எழுதினார். பின்பு ஹாலந்தின் லைடன் நகரில் டச்சுக்காரரின் ஆட்சிமுறையைப் பயின்று, இன்று இந்தோனேசியா எனப்படும் நாட்டைப் பற்றி 1939-இல் ஒரு நூல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் விரிவுரையாளராகவும் விளங்கினார். இரு நாடுகளையும் ஒப்பிட்ட அவரது பெருநூல் 1948-இல் வெளிவந்தது. அவ்வாண்டு விடுதலை பெற்ற பர்மா, எழுபது வயதான அவரையே திட்ட ஆலோசகராக அமர்த்தியது.

அவர் கண்ட உண்மை யாது? பர்மியர், சீனர், இந்தியர், ஐரோப்பியர் ஆகியோர் சந்தையில் மட்டுமே கூடினர். சமயமும் மொழியும் வாழ்வும் வேறுவேறாகவே நின்றன. இதனைப் பன்மைச் சமுதாயம் என்றார். பொதுவான சமூக உணர்வு இல்லாதவிடத்து, இலாப வேட்கையைத் தடுக்க எவரும் இலர் என்பது அவர் முடிபு.

இக்கதையில் நமக்கும் பங்குண்டு. ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் காடு திருத்தி வயலாக்கிய உழவர்க்குக் கடன் தந்தவருள் தலையாயவர் தமிழ்நாட்டுச் செட்டியார்கள். 1930-இல் நெல்விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் அவ்வாண்டு நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார் நிலம், 1938-க்குள் ஏறத்தாழ 25 பங்காயிற்று. அவர்கள் நாடியது பணமே; நிலமன்று. ஆயினும் நிலமிழந்த உழவனுக்கு அவ்வேறுபாடு ஆறுதலாகுமா? கடல் கடந்து பொருளீட்டிய பெருமையைப் பேசும் நாம், இதனையும் சேர்த்துப் பேசுதலே நேர்மை.

தென்கிழக்காசிய நாடுகளை ஆராய விழையும் இளைஞர்களே, முதலில் அந்நாட்டு மொழியொன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக் கணக்கைக் காணும்போதெல்லாம், விதைத்தவர் யார், கடன் கொடுத்தவர் யார், கொண்டுசென்றவர் யார் என வினவுங்கள். அன்று நான் உட்காரச் சொன்ன மாணவன் கேட்டதும் இதுதான். அக்கேள்வியை நீங்கள் எழுந்து நின்று கேளுங்கள்.