எல்லைப்புறப் பள்ளிகளில் எழுத்தாளர் வருகை

குழந்தை எழுத்தாளர் ஒருவர் பள்ளிக்கு வந்து தம் இளம் வாசகர்களைச் சந்திப்பது வெறும் விழா நிகழ்ச்சியன்று. அது கல்விப் பணியின் ஒரு பகுதியாகும். ஜெர்மனியில் 1954-ல் தோன்றிய ஃபிரெடரிக் பேடெக்கர் வட்டம் என்னும் அமைப்பு, எழுத்தாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புவதையே தன் தலையாய பணியாகக் கொண்டுள்ளது. தமிழில் 1950-ல் அழ. வள்ளியப்பா தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கமும், கேரளத்தில் 1981-ல் நிறுவப்பட்ட மாநிலக் குழந்தை இலக்கிய நிறுவனமும் சிறுவர் இலக்கியம் வளர வழிவகுத்தன. எனினும், இவ்விரு மாநிலங்களுக்கும் இடையே வாழும் தமிழ்க் குழந்தைகளின் நிலை தனியே ஆராயத்தக்கது.

உரிமையும் நூலும்

1956-ல் மாநிலங்கள் மொழிவழிச் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டாரங்கள் கேரளத்தில் அமைந்தன. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மூணாறு முதல் பாலக்காட்டுக் கணவாயின் கொழிஞ்சாம்பாறை வரை தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயலுமாறு அரசியலமைப்பின் 350-அ பிரிவு மாநிலங்களைப் பணிக்கிறது. அதற்கேற்பக் கேரள அரசு தமிழ்வழிப் பாடநூல்களையும் வெளியிடுகிறது.

ஆயினும், பாடநூல் கிடைக்குமிடத்தில் கதை நூலும் கிடைக்கும் என்பதில்லை. தமிழ்நாட்டு அரசு நூலகங்களுக்கென வாங்கப்படும் நூல்கள் அம்மாநில எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. கேரளத்தின் நூலகங்களோ இயல்பாகவே மலையாள நூல்களுக்கு முதலிடம் தருகின்றன. இதன் விளைவாக, தமிழ் என்பது வீட்டில் பேசவும் தேர்வு எழுதவும் மட்டுமே உரிய மொழி என்னும் எண்ணம் குழந்தை மனத்தில் வேரூன்றக்கூடும். அம்மொழியில் எழுதுபவரை நேரில் கண்டு, கதை எவ்வாறு பிறந்தது என்று வினவும் வாய்ப்பு இவ்வெண்ணத்தை மாற்ற வல்லது.

இரு மொழிப் பாலம்

இப்பணிக்கு இரு மொழியும் அறிந்தோர் பெரிதும் துணையாவர். ஓ. வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் என்னும் சிற்றூரைத் தழுவி, ஓராசிரியர் பள்ளி ஒன்றைக் களமாகக் கொண்ட புதினமாகும். அதைத் தமிழாக்கிய யூமா வாசுகி சிறுவர் இலக்கியத்திலும் ஈடுபட்டு, 2024-ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவர். 2023-ல் அவ்விருதைப் பெற்ற உதயசங்கரும் மலையாளச் சிறுவர் கதைகளைத் தமிழில் தந்துள்ளார். இத்தகையோரின் நூல்கள், இரு மொழிச் சூழலில் வளரும் குழந்தைக்கு அண்டை மொழியும் தன் செல்வமே என்று உணர்த்தும்.

வருகைக்கு முன்னும் பின்னும்

வருகை பயன்தர வேண்டுமாயின் மூன்று செயல்கள் இன்றியமையாதவை. முதலாவது, எழுத்தாளர் வருவதற்கு ஒரு மாதம் முன்னரே அவருடைய நூல்கள் போதிய படிகளாகப் பள்ளியை அடைய வேண்டும். நூலைப் படியாத குழந்தைக்கு எழுத்தாளர் மற்றொரு சிறப்பு விருந்தினரே. இரண்டாவது, வரவேற்புரைகளும் பொன்னாடைகளும் குறைந்து, சிறு குழுக்களாகக் குழந்தைகள் கேள்வி கேட்கும் நேரம் மிக வேண்டும். மூன்றாவது, எழுத்தாளர் விடைபெற்ற பின்னும் நூல்கள் பள்ளியிலேயே தங்கி, வீட்டுக்கு எடுத்துச் செல்ல வழங்கப்பட வேண்டும்.

நூல் இருந்தால் வாசகர் உருவாவர் என்பதற்கு இடுக்கி மாவட்டமே சான்று. முதுவான் பழங்குடியினர் வாழும் இடமலைக்குடி, 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. அங்குக் காட்டினுள் தேநீர்க் கடை ஒன்றில் இயங்கிய சிறு நூலகத்தில் 2014-ல் இருந்தவை ஏறத்தாழ 160 நூல்களே. எனினும், மக்கள் அவற்றை எடுத்துச் சென்று படித்துத் திருப்பித் தந்தனர். அதற்குப் பதிவேடும் பேணப்பட்டது.

கேரளத்தில் ஜூன் 19-ஆம் நாள் வாசிப்பு நாளாகவும், நாடெங்கும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசியப் புத்தக வாரமாகவும் கொண்டாடப்படுகின்றன. எல்லைப்புறப் பள்ளிகளுக்கு எழுத்தாளர்களை அழைக்க இவை ஏற்ற காலங்கள். இரு மாநிலக் கல்வித் துறைகளும் நூலக அமைப்புகளும் கலந்து திட்டமிட்டால் பெருஞ்செலவின்றி இதைச் செய்ய இயலும். சந்திப்பின் வெற்றியை அரங்கில் அமர்ந்திருந்தோர் தொகை காட்டாது. அடுத்த மூன்று மாதங்களில் பள்ளியின் நூல் வழங்கும் பதிவேட்டில் ஏறும் பெயர்களே காட்டும்.