விற்பதற்கு இல்லை

விறாந்தையில் இருந்து குறோசா பின்னிக்கொண்டிருந்தால், ஒழுங்கையால் போகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இது என்ன விலைக்குக் குடுக்கிறியள்?" என்பதுதான். விற்பதற்கு இல்லை என்றால், "அப்ப ஆருக்கு?" என்பார்கள். ஒருவருக்கும் இல்லை, ஆசைக்குப் பின்னுகிறேன் என்றால் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். மதவடியில் இருந்து கடதாசி விளையாடும் ஆண்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

பொழுதுபோக்கு என்ற சொல் என் அம்மம்மாவின் வாயில் வந்ததே இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் காலை நீட்டி இருந்து பெட்டி இழைப்பார். பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்குக் கழித்து, ஒரே அகலமாக வார்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைப்பார். ஈரம் போனால் ஓலை மடிப்பில் வெடித்துவிடும். நீத்துப்பெட்டி, மூடற்பெட்டி, சுளகு, கடகம் என்று எல்லாம் வீட்டுத் தேவைக்கே. ஆனால் சாயம் காய்ச்சும் நாளில் அவர் வேறு ஆள். கொதிக்கும் பானையில் ஊதாச் சாயம் போட்டு, ஓலையைத் தாட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி, பெட்டியின் விளிம்புக்குக் கீழே இரண்டு வரி ஓடவிடுவார். அந்த ஊதா வரியால் பெட்டி ஒரு கொத்து அரிசி கூடுதலாகப் பிடிக்கப் போவதில்லை. பிறகு ஏன் இந்த மினக்கேடு என்று கேட்டால், "வடிவுக்குத்தான் பிள்ளை" என்பார். இன்று நான் பொழுதுபோக்கு என்று சொல்வது அந்த இரண்டு வரியைத்தான்.

1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவான பின்னர் ஓலைக் கைப்பணிக்குப் பயிற்சியும் விற்பனையும் வந்தன. பின்னர் போரில் எத்தனையோ பனைகள் பங்கர்களுக்காகத் தறிக்கப்பட்டன. எங்கள் வளவின் பின்புறத்தில் இன்று இரண்டு மரங்கள்தான் நிற்கின்றன.

அம்மாவின் கைவேலை பள்ளிக்கூடத்தால் வந்தது. 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய காலத்திலிருந்தே, நமது குடாநாட்டுப் பெண் பிள்ளைகள் எழுத்தோடு ஊசி வேலையும் படித்தார்கள். தெற்கே காலி, வெலிகமப் பக்கத்துப் பெண்கள் தலையணை மேல் மரக்கட்டைகளை உருட்டி லேஸ் பின்னுவார்கள். எங்கள் வீட்டில் ஒற்றைக் கொக்கி ஊசிதான். றேடியோவுக்கு உறை, கதிரை முதுகுக்கு விரிப்பு, பிறந்த பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி எல்லாம் அம்மாவின் கையால் வந்தவை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அம்மாவின் பையில் காணி உறுதியும் பிறப்புப் பத்திரங்களும் இருந்தன. அவற்றுக்கு அடியில் இரண்டு பின்னல் ஊசிகள். பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா சைக்கிள் சில்லுக் கம்பியைச் சீமெந்து நிலத்தில் தேய்த்துச் செய்து கொடுத்தவை. நூல் கொண்டுவரவில்லை. சாவகச்சேரியில் ஒரே வீட்டில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். தம்பிக்குச் சிறிதாகிப்போன கம்பளித் தொப்பியை அம்மா பிரித்து, அங்கிருந்த கைக்குழந்தைக்குக் காலுறை பின்னினார். அது காலுக்குப் போதாமல் வந்ததும் அதையும் பிரித்தார். பிறகு ஒரு சதுரம். அதைப் பிரித்து இன்னொரு சதுரம். நூல் நைந்து முடிச்சு முடிச்சாகப் போயிற்று. "இதென்ன விசர் வேலை அம்மா!" என்று ஒருநாள் சத்தம் போட்டேன். "கை சும்மா இருந்தால் தலை கண்டபடி ஓடுது பிள்ளை" என்றார். 1996 சித்திரையில் வீடு திரும்பும்வரை அந்த ஒரே நூல்தான்.

போர் முடிந்த 2009க்குப் பிறகு நானும் ஒரு கைப்பணிப் பயிற்சிக்குப் போனேன். ஒரே அளவு, ஒரே நிறம், கிழமைக்கு இத்தனை பை என்று கணக்கு. அந்தக் காசில்தான் மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கினேன். அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் ஆறு மாதத்தில் ஊசியைக் கண்டாலே வெறுத்துப் போயிற்று. வேலை நின்று சில மாதங்களின் பின், மிஞ்சிய நூலில் உப்புப் போத்தலுக்கு ஐந்து மூலையில் ஒரு தொப்பி பின்னினேன். ஒன்றுக்கும் உதவாத சாமான். பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

அதைக் கண்டுதான் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா பழக வந்தார். அவருடைய கணவர் 1996இல் காணாமற் போனவர். அக்கா பொட்டை அழிக்கவுமில்லை. ஊர் அவரை நல்ல காரியங்களுக்குக் கூப்பிடுவதுமில்லை. வெள்ளை நூலையும் சாம்பல் நிற நூலையும் தவிர வேறு எதையும் தொடமாட்டார். "கண்ணி எண்ணேக்கை வேறை நினைவு வராது தங்கச்சி" என்பார். பிரித்தானியத் தொழில்வழிச் சிகிச்சைச் சஞ்சிகையில் 2013இல் வெளியான ஆய்வொன்றில், 3,500க்கு மேற்பட்ட பின்னற்காரரிடம் கேட்டபோது, அடிக்கடி பின்னுகிறவர்களே மனம் கூடுதலாக அமைதிப்படுவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அந்த ஆய்வு தெரியாது. சிலி நாட்டுப் பெண்களின் கதையைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். 1973இல் அங்கு இராணுவ ஆட்சி வந்த பிறகு, பிள்ளைகளையும் கணவன்மாரையும் பறிகொடுத்த பெண்கள் சாக்குத் துணியில் துண்டுத் துணிகளைத் தைத்துத் தங்கள் கதையைப் படமாக்கினார்கள். காணாமற் போனவரின் சட்டைத் துணியும் சிலவற்றில் இருந்தது. அக்கா நெடுநேரம் பேசவில்லை.

பின்னல் எல்லாத் துயரத்தையும் தீர்க்கும் என்று நான் எழுதவரவில்லை. ஊசியைத் தொடவே மனம் வராத நாட்கள் உண்டு. நித்திரையே இல்லாமல் கிழமைக் கணக்காகத் தவிக்கிறவர்கள், யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ உள்ள உளநலப் பிரிவுக்குப் போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். நமது வெக்கைக்குக் கம்பளி நூல் கையில் வேர்க்கும். சற்றுத் தடித்த பருத்தி நூலும் 3 அல்லது 4 மில்லிமீற்றர் கொக்கி ஊசியும் எடுங்கள். முதலில் சங்கிலிப் பின்னல் மட்டும் முழம் முழமாகப் போடுங்கள். கை படிந்த பிறகு ஒரு சிறிய சதுரம். விளக்கு வைத்த பிறகு கண்ணை வருத்தாதீர்கள். துணியைப் பிழையாக வெட்டினால் வெட்டினதுதான். குறோசா பிழைத்தால் ஓர் இழுவையில் பிரித்துவிடலாம். கோபமான நாளில் கண்ணி இறுகிச் சதுரம் சிறுத்துவிடும். என் பழைய சதுரங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால், எந்த நாள் எப்படிப் போனது என்று தெரிகிறது.

போன மாதம் அக்கா வந்து நூல் பெட்டியை வெகுநேரம் கிளறிக்கொண்டிருந்தார். "செம்மஞ்சள் இருக்கோ?" என்று கேட்டார். இருந்தது. என்ன பின்னப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.