யாரும் காணாத வேலை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சிறிய அலுவலகங்களில் கணனிக்கு முன்னால் அமர்ந்து உழைக்கும் எமது பெண்களில், ஊரை இழந்து கொழும்புக்கு வந்தவர்களும் உள்ளனர். தரவு பதிபவராகச் சேரும் ஒருவர், நாளடைவில் அலுவலகத்தின் முழுத் தரவுத்தளத்தையும் பராமரிப்பவராகி விடுவதுண்டு. பதவிப் பெயரோ சம்பளமோ பெரும்பாலும் மாறுவதில்லை. “எல்லாம் கணனிதானே செய்கிறது, உங்களுக்கு என்ன வேலை?” என்று முகாமையாளர் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஒரு சம்பளத்தில் முழுக் குடும்பத்தையும் தாங்கும் பெண்ணுக்கு இந்தப் பதில் மிக அவசியம்.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. ஆகவே அது எவர் கண்ணிலும் படுவதில்லை. செய்யாவிட்டால் என்னவாகும் என்பதை எமது நாட்டிலேயே கண்டோம். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கோரும் வைரஸ் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். சேவை விரைவில் மீண்டது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். வலையமைப்பில் இருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. அக்காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்கும் திட்டம் நிதி போதாமையாலும் தாமதமானதாக அதிகாரிகள் கூறினர். நாளாந்தம் தனிப்பிரதி எடுக்கும் ஏற்பாடு அதற்குப் பின்னரே வந்தது.

பிரதியின் அருமையை எமக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவருக்குப் பதிவேடு இருந்தால் மறுபிரதி கிடைத்தது. பதிவேடும் அழிந்திருந்தால் அவர் பட்ட அலைச்சலை நாம் அறிவோம்.

ஆகவே, முகாமையாளரிடம் தொழில்நுட்பச் சொற்களை அடுக்காதீர்கள். இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். “இன்று கணனி பழுதானால் எத்தனை நாள் பதிவுகளை இழக்கலாம்? வேலை மீண்டும் தொடங்க எத்தனை மணித்தியாலம் பொறுக்கலாம்?” பெரும்பாலும் “ஒன்றையும் இழக்க ஏலாது” என்பார். அப்போது, இப்போதுள்ள ஏற்பாட்டில் எவ்வளவு இழப்போம் என்பதைக் கணக்காகக் காட்டுங்கள்: இத்தனை பற்றுச்சீட்டு, இத்தனை வாடிக்கையாளர் நிலுவை, மீளப் பதிய இத்தனை நாட்சம்பளம். ரூபாயில் சொன்னால் எந்த முகாமையாளருக்கும் விளங்கும்.

இன்னொன்று, என் எண்ணத்தில் இதுவே முக்கியம். பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை, பாவனையில் இல்லாத கணனியொன்றில் அதைத் திறந்து மீட்டுப் பாருங்கள். ஒரு தடவையாவது முகாமையாளரைப் பக்கத்தில் இருத்திச் செய்யுங்கள். பிடித்த நேரத்தைக் குறித்து, அந்த மாதம் திருத்திய பிழைகளையும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சம்பள உயர்வு கேட்கும் நாளில் அந்தப் பன்னிரண்டு தாள்களையும் மேசையில் வைக்கலாம். அதற்கு முன், கட்டடத்துக்கு வெளியே பூட்டி வைக்க ஒரு வன்தட்டு வாங்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.