ஆலங்குடாவுக்கு ஏற்ற அரங்கு

கற்பிட்டிக் குடாநாட்டு ஆலங்குடா போன்ற கமக்காரர் ஊரிற் பல்பயன் அரங்கொன்று அமைப்பதாயின், முதற்கண் நோக்கவேண்டியது நீரையே. அங்கே மணலின்கீழ் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்பதே நன்னீர். வெங்காயப் பாத்திக்கும் குடத்துக்கும் அதுவே ஊற்று. தோட்டத்துப் பசளை மணலூடிறங்கி அந்நீரில் நைத்திரேற்றாய்க் கலப்பதை ஆய்வாளர் கண்டுளர். பந்தாட்டத்துக்கெனப் புற்றரையும் வளர்ப்போமாயின் அச்சுமை மிகும்.

உழவர் விழாவுக்கென எழுந்த பேரரங்கு ஒன்று தமிழகத்தில் உண்டு. அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில், 2024 சனவரி 24ஆம் நாள் திறக்கப்பெற்ற ஏறுதழுவுதல் அரங்கே அது. ஏறுதழுவுதலோ ஆண்டிற் சில மாதங்களுக்கே உரியது. எஞ்சிய நாளெல்லாம் வேலை தேடும் கட்டடம் சிற்றூருக்குக் கட்டுபடியாகாது.

ஆலங்குடாவுக்கு மண்தரையும் உயர்ந்த கூரையும் போதும். அறுவடையான வெங்காயம் நிழலிலே காற்றுப்பட உலரவேண்டும். ஆகவே பக்கங்கள் திறந்திருத்தல் நன்று. சோளகக் காற்றுக்குத் தென்மேற்கில் மட்டும் மறைப்பு வேண்டும். வெங்காயம் இல்லாத நாளிற் கரப்பந்தாட்டம், கூட்டம், கலைவிழா அனைத்தும் அங்கேயே நிகழலாம். விளையாட்டரங்கா, வெங்காயக் கொட்டகையா எனச் சிலர் நகைப்பர்; நகைக்கட்டும். மாரியிற் கூரைநீரைத் தொட்டியிற் சேர்த்துவைப்பின், ஆடிக் களைத்தோர் கைகால் கழுவக் கிணற்றை நாடார்.