முதல் கப்பலைத் துரத்திய இரண்டாம் கப்பல்!

குழந்தைகளே! மக்களாட்சியை ஆங்கிலத்தில் 'டெமாக்ரசி' என்கிறோம் அல்லவா? அது கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. 'டெமோஸ்' என்றால் மக்கள். 'கிராட்டோஸ்' என்றால் அதிகாரம்.

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கம் ஒரே நாடாக இல்லை. ஒவ்வொரு நகரமும் ஒரு தனி அரசு. ஆட்சி முறையும் ஊருக்கு ஊர் வேறு. ஸ்பார்ட்டாவில் ஒரே சமயத்தில் இரண்டு அரசர்கள்! அவர்களோடு 28 முதியவர்கள் கொண்ட சபையும் இருந்தது. கொரிந்த் நகரை ஆண்டவர்கள் செல்வர்கள் சிலர். ஏதென்ஸிலோ குடிமக்களே ஆண்டார்கள்.

ஏதென்ஸில் பினிக்ஸ் என்ற குன்றின் மேல் மக்கள் சபை கூடும். விவசாயி, குயவர், மாலுமி என யாரும் எழுந்து பேசலாம். பிறகு கைதூக்கி வாக்களிப்பார்கள். சபைக்கு வேண்டிய வேலைகளைக் கவனிக்க 500 பேர் கொண்ட குழுவும் உண்டு. அவர்களைத் தேர்தல் வைத்து அல்ல, சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தார்கள்!

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் இந்தக் கதையையும் கேளுங்கள்.

கி.மு. 428ல் லெஸ்போஸ் தீவில் உள்ள மிட்டிலினி நகரம் ஏதென்ஸை எதிர்த்துக் கிளம்பியது. மறு ஆண்டு தோற்றுச் சரணடைந்தது. ஏதென்ஸ் மக்களுக்குக் கடுங்கோபம். 'அங்குள்ள வயது வந்த ஆண்கள் அனைவரையும் கொல்லுங்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்குங்கள்' என்று சபை முடிவு செய்தது. உத்தரவைச் சுமந்து ஒரு கப்பல் புறப்பட்டது.

மறுநாள் கோபம் தணிந்தது. 'ஒரு நகரத்தையே அழிப்பதா?' என்று பலர் வருந்தினர். சபை மீண்டும் கூடியது. கிளியோன் என்பவர், 'முடிவை மாற்றாதீர்கள்' என்றார். டயோடோடஸ் என்பவர், 'கொல்வதால் நமக்கு நன்மை இல்லை' என்று வாதாடினார். இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் கைகள் உயர்ந்தன. டயோடோடஸ் வென்றார்!

ஆனால் முதல் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முன்னே சென்றுவிட்டதே! உடனே இரண்டாம் கப்பல் கிளம்பியது. துடுப்பு வலிப்பவர்கள் பார்லி மாவைத் திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்து, வலித்துக்கொண்டே உண்டார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். அவர்கள் கரை சேர்ந்தபோது தளபதி கொலை உத்தரவைப் படித்து முடித்திருந்தார். நல்லவேளை, நகரம் பிழைத்தது! ஆனாலும் கிளர்ச்சியைத் தூண்டியவர்கள் என்று கருதப்பட்டோர் கொல்லப்பட்டனர்.

பார்த்தீர்களா? பலர் சேர்ந்து எடுத்தாலும் கோபத்தில் எடுத்த முடிவு தவறாகலாம். அதனால்தான் இன்றைய மக்களாட்சியில் பல தடுப்புகள் உள்ளன. நம் நாட்டில் ஒரு சட்ட மசோதாவை மக்களவையும் மாநிலங்களவையும் விவாதிக்கும். பிறகு குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். அப்படி வந்த சட்டமும் அரசியல் சட்டத்துக்கு முரணாக இருந்தால், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூற முடியும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஏதென்ஸில் பெண்களுக்கும், அடிமைகளுக்கும், வெளியூரில் இருந்து வந்து குடியேறியவர்களுக்கும் வாக்குரிமை இல்லை. நம் நாட்டில் ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி எல்லாருக்கும் ஒரே வாக்கு. 1989 முதல் 18 வயது ஆனவர்கள் வாக்களிக்கலாம்.

உங்களுக்கும் அந்த வயது வரும். அதற்கு முன்பே, வகுப்புத் தலைவர் தேர்தலில் கைதூக்கும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். எல்லாத் தவறுக்கும் இரண்டாம் கப்பல் நேரத்தில் போய்ச் சேராது!